அரைமணி நேரம் திறந்த கதவு



கொள்ளைநோய்க் காலத்தில் ஜனங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று இடம் கேட்கும்போது, உள்ளே இருக்கிறவர்கள் ஏன் கதவை அடைக்கிறார்கள்? 2021 மே மாதத்திற்குப் பிறகு உங்களில் பலர் இந்தக் கேள்வியைக் கடிதத்திலும் நேரிலும் எங்களிடம் கேட்டீர்கள். சிலர் கோபமாகவே கேட்டீர்கள். "மிஷன் ஆஸ்பத்திரி என்று போர்டு வைத்துக்கொண்டு வந்தவனைத் திருப்பி அனுப்பலாமா?" என்று ஒரு சகோதரர் தமது காணிக்கையோடு ஒரு சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார். ரசீது அனுப்பினோமே தவிர, அந்தச் சீட்டுக்குப் பதில் அனுப்பவில்லை. என்ன எழுதுவதென்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் கதையை மட்டும் சொன்னால் சாக்குப்போக்கு சொல்வதாகத் தோன்றும். ஆகவே இதே கேள்வி இன்னும் கொடுமையாக எழுந்த ஒரு நகரத்தைப் பற்றி முதலில் எழுதுகிறோம். அங்கேயும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி நடுவில் நின்றது.

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியா நாட்டின் தலைநகர் மன்ரோவியா. 1989 முதல் 2003 வரை உள்நாட்டு யுத்தங்களால் சீரழிந்த நாடு அது. 2014இல் அங்கே 40 லட்சத்திற்கும் மேற்பட்ட ஜனங்களுக்கு இருந்த டாக்டர்கள் சுமார் 50 பேர்தான். யுத்தத்திற்குத் தப்பி வந்தவர்களால் வீங்கிப்போன தலைநகரில் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். அந்த ஆண்டு அந்த ஊருக்குள் எபோலா வந்தது.

எபோலா காற்றில் பரவுகிற வியாதி அல்ல. வியாதி வெளிப்பட்டவருடைய இரத்தம், வாந்தி, பேதி, வியர்வை இவற்றைத் தொடுகிறவருக்கே தொற்றும். மரித்தவரின் சரீரத்தைக் கழுவிக் குளிப்பாட்டுகிறவருக்கும் தொற்றும். அதாவது, அன்பு செலுத்துகிறவர்களைத் தேடிப் பிடிக்கிற வியாதி: தாய், மனைவி, நர்ஸ், போதகர். ஆரம்ப அறிகுறிகளோ காய்ச்சல், தலைவலி, உடல்வலி, வாந்தி. மலேரியாவுக்கும் டைபாய்டுக்கும் அதே அறிகுறிகள்தான். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை இன்னதென்று எவராலும் சொல்ல இயலாது.

இந்த வியாதி முதன்முதல் 1976இல் சூடானிலும், அப்போது சாயீர் என்று அழைக்கப்பட்ட காங்கோ நாட்டிலும் கண்டறியப்பட்டது. காங்கோவில் அது பரவிய இடத்தைச் சொல்ல எங்களுக்கு நா கூசுகிறது. யாம்புக்கு என்னும் கிராமத்தில் பெல்ஜியக் கன்னியாஸ்திரீகள் நடத்திய கத்தோலிக்க மிஷன் ஆஸ்பத்திரிதான் அது. ஏழ்மை காரணமாகக் காலையில் நர்சுகளுக்கு ஐந்து ஊசிகளே கொடுக்கப்பட்டன. அந்த ஐந்தையும் நாள் முழுவதும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். கர்ப்பிணிகள் சத்தூசிக்காக வரிசையில் நின்று வியாதியை வாங்கிக்கொண்டு வீடு சென்றார்கள். அந்த வட்டாரத்தில் 318 பேருக்கு வியாதி கண்டது. 280 பேர் மரித்தார்கள். ஆஸ்பத்திரியின் ஊழியர் 17 பேரில் 11 பேர் மரித்தார்கள். ஆஸ்பத்திரியை மூடிய பிறகே வியாதி தணியத் தொடங்கியது. நல்ல மனதோடு திறந்து வைத்த கதவு அது. அதைத் திறந்து வைத்தவர்களும் தங்கள் உயிரைக் கொடுத்தார்கள். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசிக்கவேண்டும்.

மன்ரோவியாவில் எல்வா என்றொரு மிஷன் வளாகம் உண்டு. நித்திய அன்பு ஆப்பிரிக்காவை வெல்கிறது என்று பொருள்படும் ஆங்கில வார்த்தைகளின் முதலெழுத்துகள் அவை. 1954இல் வானொலி நிலையமாகத் தொடங்கி, 1965இல் ஆஸ்பத்திரியும் ஏற்பட்டது. 2014 மார்ச்சில் கினி நாட்டில் எபோலா உறுதியானதும், இந்த ஆஸ்பத்திரியார் தங்களிடத்திலும் ஒரு தனி வார்டு வேண்டும் என்று இடம் தேடினார்கள். மற்ற வார்டுகளோடு ஒட்டாத கட்டடமாக இருக்கவேண்டும். அப்படி இருந்தது ஒன்றே ஒன்று: அவர்களுடைய சிற்றாலயம்.

ஆலயத்தையா என்று ஊழியர்களில் சிலர் முறுமுறுத்தார்கள். தேவனுடைய வீட்டை இப்படிப்பட்ட வியாதிக்குக் கொடுப்பதா என்று கேட்டார்கள். வியாதியஸ்தரைத் தொட்டுச் சுகமாக்கியவருடைய பெயரில் கட்டிய வீட்டை வேறு எதற்குக் கொடுப்பது என்பதே அவர்களுக்குக் கிடைத்த பதில். பெஞ்சுகள் வெளியே போயின. கட்டில்கள் உள்ளே வந்தன. ஜூன் மாதத்தில் முதல் வியாதியஸ்தர்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். சில கட்டில்களே கொண்ட அந்த வார்டு சீக்கிரத்தில் போதாமற்போயிற்று. ஜூலையில் சமையலறையும் துணி வெளுக்கும் கட்டடமும் இரண்டாவது வார்டாக மாற்றப்பட்டன. டாக்டர் ஜெரி பிரவுன் என்ற லைபீரியர் அதன் பொறுப்பை ஏற்றார்.

அந்த ஜூலையில்தான் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. ரிடம்ப்ஷன் என்னும் அரசு ஆஸ்பத்திரியில் ஊழியர்கள் மரித்தார்கள். மற்றவர்கள் வேலைக்கு வரப் பயந்தார்கள். நாட்டின் பெரிய ஆஸ்பத்திரியான ஜே.எப்.கே.யில் மூத்த மருத்துவர் சாமுவேல் பிரிஸ்பேன் மரித்தார். எல்வாவில் டாக்டர் கென்ட் பிரான்ட்லியும் நான்சி ரைட்போல் அம்மையாரும் நோயுற்று, ஆகஸ்ட் முதல் வாரத்தில் விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பிழைத்தார்கள். கத்தோலிக்க சபையின் செயின்ட் ஜோசப் ஆஸ்பத்திரியில் இயக்குநர் பேட்ரிக் அருட்சகோதரர் ஆகஸ்ட் 2ஆம் தேதி மரித்தார். அவருக்குப் பணிவிடை செய்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக விழுந்தார்கள். அந்த ஒரே ஆஸ்பத்திரியில் ஒன்பது பேர் மரித்தார்கள். அதையும் மூடவேண்டியதாயிற்று.

இப்பொழுது ஜனங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். அரசாங்கம் வானொலியில், வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், தொடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள் என்கிறது. கொண்டுபோனால் ஆஸ்பத்திரி பூட்டியிருக்கிறது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் நாட்கணக்கில் வருவதில்லை. டாக்சி பிடித்துக் குடும்பமே ஏறிக்கொண்டு ஊர் முழுவதும் கட்டில் தேடி அலைந்தார்கள். அந்த டாக்சியில் அடுத்து ஏறியவருக்கும் ஆபத்து. கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கிய நால்வரை நாங்கள் எத்தனையோ முறை மெச்சிப் பிரசங்கித்திருக்கிறோம். மன்ரோவியாவில் ஒவ்வொரு டாக்சியிலும் அப்படிப்பட்ட நால்வர் இருந்தார்கள். சுமந்த காரணத்தினாலேயே அவர்களில் பலர் அடுத்த வாரம் சுமக்கப்பட்டார்கள்.

ஆகஸ்ட் 17ஆம் தேதி, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு எல்வா வளாகத்தில் 120 படுக்கைகளோடு ஒரு பெரிய கூடார ஆஸ்பத்திரியைத் திறந்தது. எல்வா மூன்று என்று அதற்குப் பெயர். பின்னர் அது 250 படுக்கைகளாக வளர்ந்தது. எபோலாவுக்காக அதற்கு முன் அவ்வளவு பெரிய இடம் எங்குமே கட்டப்பட்டதில்லை. ஆனால் திறந்த சில நாட்களுக்குள் நிரம்பிவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் அதன் கதவு காலையில் அரைமணி நேரம் மாத்திரமே திறந்தது. இரவில் எத்தனை பேர் மரித்தார்களோ அத்தனை கட்டில்தான் காலையில் காலி. அத்தனை பேரை உள்ளே எடுத்துக்கொண்டு கதவை அடைத்தார்கள். மற்றவர்கள் வெளியே சரளைக்கல்மேல் படுத்திருந்தார்கள். சிலர் அங்கேயே மரித்தார்கள். ஒரு தகப்பன் தன் மகளைக் காரின் டிக்கியில் வைத்துக் கொண்டுவந்தார். வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளாவது தப்பட்டும், இவளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். அவரையும் திருப்பி அனுப்பினார்கள்.

திருப்பி அனுப்பியவர்கள் கல்நெஞ்சர்களா? எங்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. காரணங்களைக் கேளுங்கள்.

தலை முதல் கால் வரை மூடிய அந்த உடையை அணிந்துகொண்டு, அந்த ஊர் வெப்பத்தில், ஒரு நர்ஸ் சுமார் ஒரு மணி நேரம்தான் வார்டுக்குள் நிற்க முடியும். உடையைக் கழற்றுவதே ஆபத்தான வேலை. ஒருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியாகச் சொல்லிக் குளோரின் நீர் தெளிக்க, நிதானமாகக் கழற்றவேண்டும். களைத்தவர் தவறு செய்வார். தவறு செய்தவர் மரிப்பார். ஆகவே 70 படுக்கைகளுள்ள ஓர் எபோலா நிலையத்தைப் பத்திரமாக நடத்த 200 முதல் 250 ஊழியர்கள் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. செப்டம்பர் 8ஆம் தேதி அதே நிறுவனம், மன்ரோவியா அடங்கிய மாவட்டத்திற்கு உடனே 1,000 படுக்கைகள் தேவை, இருப்பவை 240 என்று அறிவித்தது. ஆயிரம் படுக்கைக்கு ஏறத்தாழ மூவாயிரம் பேராவது வேண்டும் என்பது எளிய கணக்கு. நாட்டிலிருந்த டாக்டர்களின் எண்ணிக்கையை மேலே சொன்னோம்.

இன்னொன்று. கட்டிலுக்கு ஒருவருக்குப் பதில் மூவரை நெருக்கிப் போட்டால் என்ன என்று நம்மில் யாரும் கேட்போம். நமது வார்டுகளில் பாய் விரித்துப் படுக்கவைக்காத நாள் உண்டா? ஆனால் சந்தேகக் கேஸ் வார்டில் மலேரியாக்காரரும் எபோலாக்காரரும் பரிசோதனைக்காகப் பக்கத்தில் பக்கத்தில் காத்திருக்கிறார்கள். நெருக்கினால் மலேரியாவோடு வந்தவர் எபோலாவோடு போவார். யாம்புக்குவில் நடந்தது அப்படித்தான் திரும்ப நடக்கும். நெருக்கடி முற்றியபோது எல்வா மூன்றில் நரம்பு வழியாக சேலைன் ஏற்றுவதைக்கூடக் குறைத்தார்கள். குத்துகிற ஒவ்வொரு ஊசியும் களைத்த கைக்கு ஆபத்து, ஆள் போதவில்லை.

ஜனங்களின் கோரிக்கை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எல்வா மூன்று திறந்ததற்கு முந்தின நாள், அதாவது ஆகஸ்ட் 16ஆம் தேதி, அதே நகரத்தில் கடலோரக் குடிசைப்பகுதியான வெஸ்ட் பாயின்டில், பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த நோயாளர் முகாமை ஜனக்கூட்டம் தாக்கியது. மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்தவர்கள் ஓடிப்போனார்கள். தங்களைக் கேட்காமல் வேறு பகுதி நோயாளிகளைத் தங்கள் நடுவில் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்பது அவர்கள் கோபம். நமது தேசத்திலும் 1896 அக்டோபரில், பம்பாய் பிளேக்கின்போது, ஆலைத் தொழிலாளர் ஏறத்தாழ ஆயிரம் பேர் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். வைத்தியம் பெறுகிற இடமா, மரிக்கக் கொண்டுபோகிற இடமா என்று ஜனங்களுக்கு நிச்சயமில்லாதபோது இப்படி நடக்கிறது. ஒரே ஜனம் ஒரு வாசலில் கெஞ்சுகிறது, மறு வாசலை உடைக்கிறது. வெஸ்ட் பாயின்டை அரசாங்கம் 20ஆம் தேதி கம்பி போட்டு அடைத்தது. கலகம் மூண்டு, சுடப்பட்ட ஒரு சிறுவன் மரித்தான். பத்து நாளில் கம்பியை எடுத்துவிட்டார்கள்.

மரித்தவர்களை எரிக்கவேண்டும் என்ற உத்தரவும் பயத்தைக் கூட்டியது. அடக்கம் பண்ணுகிற வழக்கமுள்ள ஜனங்களுக்கு அது தாங்கமுடியாத துக்கம். நகருக்கு வெளியே, அங்கு குடியேறிய இந்திய சமூகத்தார் தங்களுக்காகக் கட்டியிருந்த தகனக் கூடத்தில்தான் அந்தச் சரீரங்கள் எரிக்கப்பட்டன. தகனத்திற்குப் பயந்து பலர் வியாதியஸ்தரை வீட்டில் ஒளித்தார்கள். டிசம்பரில் கௌரவமாக அடக்கம் செய்ய ஒரு கல்லறைத் தோட்டம் திறந்த பிறகே இது மாறியது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மரண வீடுகளுக்குப் போய்வருகிற நாங்கள் இந்தத் தவறை மற்ற எல்லாவற்றையும்விட எளிதில் விளங்கிக்கொள்கிறோம். சரீரத்தை என்ன செய்வார்கள் என்பது குடும்பத்தாருக்கு வைத்தியத்தின் ஒரு பகுதியே.

எபோலா இல்லாத வியாதியஸ்தர்களைப் பற்றி அதிகம் பேர் எழுதவில்லை. ஆஸ்பத்திரிகள் மூடியபோது பிரசவ வேதனையிலிருந்த பெண்கள் வாசல் வாசலாகச் சென்றார்கள். இரத்தப்போக்குள்ள பெண்ணைக் கண்டால் நர்சுகளே பின்வாங்கினார்கள், ஏனெனில் எபோலாவும் இரத்தப்போக்குள்ளது. இவர்களுக்காகவே டாக்டர் ரிக் சாக்ரா என்ற மிஷனெரி ஆகஸ்டில் எல்வாவுக்குத் திரும்பிவந்து பிரசவ வார்டில் வேலை செய்தார். எபோலா வார்டுக்குள் அவர் கால் வைக்கவில்லை. ஆயினும் அவருக்கு வியாதி தொற்றியது. அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பிழைத்து, 2015 ஜனவரியில் மறுபடியும் அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். லைபீரியா முழுவதும் சுமார் 190 சுகாதார ஊழியர்கள் எபோலாவினால் மரித்தார்கள்.

பின்பு உதவி வந்தது. செப்டம்பர் 16ஆம் தேதி அமெரிக்கா, நூறு படுக்கை வீதம் 17 நிலையங்கள் கட்டித்தருவதாக அறிவித்தது. 21ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியால் ஐலண்ட் கிளினிக் திறந்தது. ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டோரால் நிரம்பியது. ஆனால் அக்டோபரில் வியாதி குறையத் தொடங்கிவிட்டது. அமெரிக்க இராணுவம் கட்டி முடித்தவை 11. அவற்றில் ஒன்பதில் ஒரு எபோலா நோயாளியும் படுக்கவில்லை. பதினொன்றிலும் சேர்த்து வைத்தியம் பெற்றவர்கள் 28 பேர். ஆகஸ்டில் சரளைக்கல்மேல் கிடந்தவர்கள் கேட்ட கட்டில்கள் டிசம்பரில் காலியாய்க் கிடந்தன.

இதற்குள் வியாதியைக் குறைத்தது எது? கட்டில்களுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. அதோடு, வீட்டு வாசல்களிலும் கடைகளிலும் ஆலயங்களிலும் குழாய் வைத்த வாளியில் குளோரின் தண்ணீர் வந்தது. சரீரத்தை எடுக்கும் குழுக்கள் அதே நாளில் வந்தன. நோயாளியோடு பழகியவர்களை 21 நாட்கள் வீடு தேடிப் போய்ப் பார்க்கிறவர்களைத் தெருக்காரர்களே தெரிந்தெடுத்தார்கள். தெருவிலே யார் வீட்டில் காய்ச்சல் என்பது வெளியூர் டாக்டருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அம்மாளுக்குத் தெரியும். 2015 மே 9ஆம் தேதி லைபீரியா எபோலா இல்லாத நாடாக முதன்முறை அறிவிக்கப்பட்டது. பிறகும் சில தடவை தலைகாட்டி, 2016 ஜூனில் முடிந்தது. அதற்குள் அந்த ஒரு நாட்டில் 4,800க்கும் மேற்பட்டோர் மரித்திருந்தார்கள்.

இனி எங்கள் வாசலுக்கு வருகிறோம். 2021 மே 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குக் கொரோனா உறுதியானது. அதற்கு முன்னும் பின்னுமான நாட்களில் எங்களிடம் கட்டில் இருந்தது, ஆக்சிஜன் இல்லை. சிலிண்டர் லாரி வந்தால் வார்டில் ஸ்தோத்திரம் சொல்வார்கள். வராவிட்டால் ஒவ்வொரு கட்டிலிலும் முள்ளைக் குறைத்துக் குறைத்து வைப்பார்கள். புதிதாக ஒருவரைச் சேர்ப்பதென்றால், ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் மூச்சிலிருந்து எடுத்துக் கொடுப்பதுதான். இதை வாசலில் நின்றவர்களுக்கு விளக்கிச் சொல்ல எங்களுக்குத் தைரியம் இருக்கவில்லை. காவலாளியிடம் விட்டுவிட்டோம். அது தவறு.

ஆலயத்தைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். நிர்வாகத்தார் ஆலயத்தைத் தாருங்கள், கான்சென்ட்ரேட்டர் இயந்திரங்கள் வைத்து மூச்சுத்திணறல் குறைவாக உள்ளவர்களை அங்கே மாற்றுகிறோம் என்று கேட்டார்கள். எல்வாவின் கதையை நாங்கள் அப்போதே வாசித்திருந்தோம். வாசித்திருந்தும், ஆலயக் குழுவைக் கூட்டவேண்டும், பேராயரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று ஒரு நாள் கடத்தினோம். மறுநாள் மாலை பெஞ்சுகளை வெளியே போட்டோம். அந்த இடைப்பட்ட இரவில் வாசலுக்கு வந்து திரும்பியவர்களின் பெயர்களைக் காவலாளி தமது நோட்டில் எழுதி வைத்திருந்தார்; யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. அலை ஓய்ந்தபின் அந்தப் பெயர்களுக்கெதிரே இருந்த நம்பர்களுக்கு ஒவ்வொன்றாய்ப் போன் செய்தோம். சிலர் அரசு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்துப் பிழைத்திருந்தார்கள். சில வீடுகளில் போனை எடுத்தவர் நாங்கள் யார் என்று சொன்னதும் வைத்துவிட்டார். ஒரு வீட்டில் மட்டும், "நீங்களாவது கூப்பிட்டீங்களே ஐயா" என்றார்கள். அதைக் கேட்பதற்கு அவர்கள் திட்டியிருக்கலாம்.

அந்த நோட்டு இப்போது ஆலய அலமாரியில் இருக்கிறது.

சகோதரரே, நீங்கள் சீட்டில் எழுதிய கேள்விக்கு இவ்வளவுதான் எங்களால் சொல்லமுடிகிறது. உங்கள் காணிக்கைகளைக் கொண்டு நாங்கள் செய்திருப்பவையும் சொல்லவேண்டியவை. ஆக்சிஜன் தயாரிக்கும் இயந்திரம் வாங்கியிருக்கிறோம். அதிலிருந்து ஆலயத்தின் வடக்குச் சுவருக்குக் குழாய் இழுத்திருக்கிறோம். புதிய கட்டடம் கேட்டு எழுதிய தாளைக் கிழித்துப்போட்டோம். அதற்குப் பதிலாக, நர்சுகளுக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் காவலாளிகளுக்கும் கொள்ளைநோய்க்கால வேலையில் ஆண்டுதோறும் இரண்டு நாள் பயிற்சி கொடுக்கிறோம். கையுறைக்கும் குளோரினுக்கும் பயிற்சிச் சாப்பாட்டுக்கும் கல்வெட்டில் பெயர் பொறிக்க வழியில்லை. அவற்றுக்கும் கொடுக்கிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள், நன்றி. வாசலில் பேசுவதற்கென்று இனி ஒரு டாக்டரும் எங்களில் ஒருவரும் மாறி மாறி நிற்கவேண்டும் என்று ஒழுங்கு செய்திருக்கிறோம். காவலாளி தனியாக நிற்கமாட்டார்.

ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள் வடக்குச் சுவரில் வரிசையாக வெள்ளை மூடி போட்ட பித்தளைக் குழாய் வாய்களைப் பார்த்து இவை என்ன என்று கேட்கிறார்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அவற்றை எண்ணுகிறார்கள். பெஞ்சுகளையெல்லாம் வெளியே எடுத்துக் கட்டில் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று சென்ற மாதம் வாலிபர் சங்கத்தாரை வைத்துச் செய்து பார்த்தோம். ஐம்பது நிமிடம் ஆயிற்று.